ரோஜாத் தொட்டிக்கு முன்னால் நின்ற வண்டி

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அங்கே உங்கள் நலமும் அக்காவின் முழங்கால் நலமும் அறிய ஆவல். வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது எங்களை நம்பி விட்டுச் சென்றீர்களே, அந்தக் காரின் சாவி பத்திரமாக இருக்கிறது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். இது குறுக்கே யாரும் பேசாமல் முழுதாகக் கேட்க வேண்டிய வெற்றிச் செய்தி.

கிளம்புவதற்கு முன் என் ஸ்போர்ட்ஸ் காரை ஒரு சுற்று சுற்றிவந்து நீங்கள் சொன்னது நினைவிருக்கும். "மாப்ள, எஞ்சினை மாத்திட்டீங்க, சைலன்சரை மாத்திட்டீங்க, சீட்டைக்கூட மாத்திட்டீங்க. நிக்கறதுக்கு என்ன வெச்சிருக்கீங்க? என் வண்டியைப் பாருங்க, கம்பெனி பிரேக். தொட்டா நிக்கும்." நான் சிரித்து மழுப்பினேன். உங்கள் வாய் முகூர்த்தம், நீங்கள் போன கொஞ்ச நாளிலேயே அது பலித்துவிட்டது. நானும் உங்கள் தங்கையும் வெளியே போய்விட்டு வந்து வீட்டு கேட்டுக்குள் திரும்பும்போது பிரேக்கை மிதித்தேன். மிதி தரை வரைக்கும் போனது, வண்டி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அவள் ஆசையாக வளர்த்த ரோஜாத் தொட்டிகளை வரிசையாகச் சாய்த்துக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைந்து, வாஷிங் மெஷின் மேல் முட்டி நின்றது. உங்கள் தங்கை இறங்கினாள். தப்பிப் பிழைத்த ஒரே ஒரு தொட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "இந்த வண்டி நிக்கவேண்டிய இடத்துல நிக்கிற வரைக்கும் உங்ககூடப் பேச்சு கிடையாது" என்றாள். அதோடு சரி. அன்றிலிருந்து துணி துவைப்பது நான்தான், கையால். நான் பல் டாக்டர். 'ஆ காட்டுங்க' என்றால் ஊரே வாயைத் திறக்கிறது, என் வீட்டில் ஒருத்தி மட்டும் திறக்க மாட்டேன் என்கிறாள். சாப்பாடு மேஜைக்கு வரும், வார்த்தை வராது. அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை, மச்சான். உங்களிடம் சொல்வதற்கு என்ன வெட்கம்.

எங்கள் தெரு மெக்கானிக்கிடம் ஓடினேன். அவரை எல்லாரும் நாளைக்கு அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் அவர் தரும் பதில் அது. வண்டியைப் பார்த்துவிட்டு, "பிரேக் ஆயில் போற ரப்பர் ஓஸ் எல்லாம் வயசாகி இளகிப்போச்சு டாக்டர். நீங்க மிதிச்சா ஓஸ்தான் உப்புது, பிரேக் பிடிக்கல" என்றார். அதனால் ஸ்டீல் கம்பி பின்னிய ஓஸ் நான்கு சக்கரத்துக்கும் போடுவது என்று முடிவாயிற்று. இதே வண்டியின் புதிய மாடல் ஒன்று எங்கோ நசுங்கிக் கிடந்தது. அதிலிருந்து ஏ.பி.எஸ். பெட்டியையும் கழற்றி வந்து பொருத்தினார். சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல், விட்டு விட்டுப் பிடிக்கும் பெட்டி அது. பழைய பிரேக் ஆயிலை உறிஞ்சி எடுத்தது என் கிளினிக் சிரிஞ்சு. அந்தப் பெருமை எனக்கு.

இனிமேல்தான் கதை. ஓஸ் மாற்றினால் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். சீட்டில் ஒருவர் உட்கார்ந்து பிரேக்கை அமுக்கிப் பிடிக்க வேண்டும், கீழே ஒருவர் சக்கரத்தின் பின்னால் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து காற்றை விட்டு மூட வேண்டும், மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். அவசரப்பட்டு எடுத்தால் போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். அண்ணன் ஆயில் டப்பாவைப் பார்த்துக்கொள்ள, நான் கீழே படுத்தேன். அமுக்க ஆளில்லை. சக்கரம் கழற்றிய வண்டி எங்கேயும் போகாது என்ற தைரியத்தில் உங்கள் தங்கை தானாக வந்து சீட்டில் உட்கார்ந்தாள். ஆனால் நான் சொன்னால் அவள் காதில் விழாதாம். எதிர்வீட்டு வக்கீல் தூது வந்தார். நான் "அமுக்கு" என்றால் அவர் ஜன்னல் வரை நடந்து போய், "அம்மா, உங்க கணவர் தரப்புல அமுக்கச் சொல்றாங்க" என்பார். நான் திருகைத் திறந்து, மூடுவதற்குள், "இப்ப விடலாமான்னு கேக்கறாங்க, என் அபிப்பிராயம் விடலாம்" என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிடுவார். அவள் காலை எடுப்பாள், காற்று உள்ளே போகும். எத்தனை தடவை என்று கேட்காதீர்கள். கடைசியில் உங்கள் தங்கை வக்கீலைப் பார்த்து, "மிதி கீழ போனாலும் சரி, நடுங்கினாலும் சரி, மூடியாச்சுங்கற வரைக்கும் நான் காலை எடுக்கறதா இல்ல. அவர்கிட்ட சொல்லிடுங்க" என்றாள். வேலை முடிந்தது. மிதி கல் மாதிரி நின்றது.

வண்டியைப் பரீட்சை பார்க்கக் கிடைத்தது, பூட்டிக் கிடக்கும் ஒரு குடோனின் பின்பக்க மைதானம். உங்கள் தங்கை அந்த ஒற்றை ரோஜாத் தொட்டியை நடுவே வைத்தாள். ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்து சீட்டில் ஏறிப் பெல்ட்டை மாட்டினாள். சக்கரம் எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க நாளைக்கு அண்ணன் இன்னொரு வண்டியில் பின்னாலேயே வந்தார். விரட்டினேன். தொட்டி நெருங்கியதும் ஓங்கி மிதித்தேன். மிதி காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்தது. ஏ.பி.எஸ். வேலை செய்தால் அப்படித்தான் அதிருமாம். அதை அண்ணன் நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்திருந்தாராம். எல்லாம் உடைந்தது என்று பதறிக் காலைத் தூக்கப் போனேன்.

"காலை எடுக்காதீங்க. அமுக்குங்க. நான் சொல்ற வரைக்கும் எடுக்காதீங்க."

உங்கள் தங்கைதான், மச்சான். வக்கீல் இல்லாமல், நேராக என்னிடம். அமுக்கினேன். வண்டி மூக்கைத் தாழ்த்தி நேராக நின்றது. ரோஜா இலை பம்பரில் உரசி ஆடிக்கொண்டிருந்தது. "நின்னுடுச்சுங்க" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் நான் பிடுங்கிய எந்தப் பல்லும் இந்தச் சந்தோஷத்தைத் தந்ததில்லை. ஆகவே, எங்கள் வண்டிக்கு நிற்கத் தெரியும் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள், இரவில் பல் தேய்க்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
நின்று காட்டிய மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே எழுதியதெல்லாம் வண்டி நின்ற நொடி வரைக்கும் முழு உண்மை. அடுத்த நொடி, பின்னால் வந்த வண்டி நிற்கவில்லை. "இவ்வளவு சீக்கிரம் நிப்பீங்கன்னு நெனக்கல டாக்டர்" என்கிறார் அண்ணன். தன் வேலைமேல் அவருக்கே நம்பிக்கை இல்லை. யாருக்கும் அடியில்லை. தொட்டி போய்விட்டது. பின்னால் வந்தது, சும்மா நின்றால் பேட்டரி போய்விடும், அவ்வப்போது ஓட்டி வையுங்கள் என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போன உங்கள் வண்டி. அதன் முன்பக்கம் இப்போது இல்லை. சாவி பத்திரமாக இருக்கிறது என்று முதலிலேயே எழுதிவிட்டேன். கம்பெனி பிரேக்கைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. அந்தச் சாவியை வக்கீல் மூலம் நாளைக்கு அண்ணனுக்குக் கொடுத்தனுப்பியது உங்கள் தங்கைதான். அதை மட்டும் உங்களுக்கு எழுதக் கூடாது என்று சொன்னாள். வாய் திறந்து, என்னிடமே சொன்னாள்.