அப்பாவுக்கு நான் போட்ட முதல் கண்ணீர் அஞ்சலி

என் அப்பா இரண்டு முறை இறந்தார். இரண்டாவது முறை நெஞ்சில் நீர் கோத்து, டாக்டர் கையெழுத்துப் போட்டு, முறைப்படி இறந்தார். முதல் முறை அவரைச் சாகடித்தது நான். கையில் கத்தி, கம்பு எதுவும் இல்லை. செல்போன் மட்டும்தான் இருந்தது.

நான் எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். (ஆர்வத்தில் இல்லை.) அதன்பிறகு திருப்பூரில் பனியன் மடித்தேன். எர்ணாகுளத்தில் புரோட்டா அடித்தேன். ஆந்திரா லாரியில் கிளீனராகப் போன இடத்தில் டிரைவர் பாதி வழியில் ஓடிவிட, வண்டிக்குக் காவலாகப் பத்து நாள் வாழைப்பழம் தின்று கிடந்தேன். ஓர் இடத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் என் கால் நிற்காது. கடைசியில் பாம்பன் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கே திரும்பி, போனில் பேனர் செய்யும் தொழிலில் இறங்கினேன். பிறந்தநாள், காதுகுத்து, பிள்ளைகளுக்குக் கோயிலில் கொடுக்கும் புதுநன்மை, கல்யாணம், சாவு என்று எல்லாவற்றுக்கும் பேனர்.

எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் சவூதியிலும் பஹ்ரைனிலும் அரபிகளின் படகில் மீன் பிடிக்கிறார்கள். அதனால் ஊர் என்பது மண்ணில் பாதி, வாட்ஸப் குரூப்பில் பாதி. அந்தக் குரூப்புக்கு நான் அட்மின். ஊரில் யாருக்கு என்ன நடந்தாலும் என் பேனர்தான் வெளிநாட்டுக்குச் செய்தி சொல்லும். ஆனால் எனக்குப் போட்டியாக ரீகன் என்று ஒருவன் இருந்தான். கல்யாணப் பேனரில் அவனை நான் அடித்துவிடுவேன். சாவில் அவன் முந்திவிடுவான். சாவு சொல்லிக்கொண்டா வருகிறது?

அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். படுக்கையில் கிடக்கும் பெரியவர்களின் பேனரை முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டேன். படம், பெயர், இரண்டு மெழுகுவர்த்தி, பறக்கும் புறா எல்லாம் தயார். 'வெயிட்டிங்' என்று பெயர் வைத்த ஃபோல்டரில் ஒன்பது பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் தேறி வந்து டீக்கடையில் எனக்கு வடை வாங்கிக் கொடுத்தார். தொண்டையில் இறங்கவே இல்லை. (ஆனாலும் இரண்டு தின்றேன்.)

அந்த ஃபோல்டரில் என் அப்பா இல்லை. அவர் சூசை. சொந்த வள்ளத்தில் நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர், காய்ச்சலுக்கு மாத்திரை போடாதவர். அப்படிப்பட்டவர் ஒரு காலையில் மூச்சு விட முடியாமல் வலைமேல் சாய்ந்தார். ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஐ.சி.யூவில் வைத்தார்கள். "ரெண்டு மூணு மணி நேரம் போகட்டும், பொறகுதான் சொல்ல முடியும்" என்றார் டாக்டர்.

அம்மா ஜெபமாலையை எடுத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். நடுநடுவே ஒரே கேள்வி.

"சேவியருக்குச் சொன்னியாலே?"

சேவியர் என் அண்ணன். சவூதியில் இருந்தான். அப்பாவும் அவனும் பேசி நாலு வருஷம் ஆகியிருந்தது. "உங்க கடல்ல மீனு எங்கப்பா கெடக்கு?" என்று கேட்டுவிட்டு அவன் விமானம் ஏறினான். அப்பா வலையிலிருந்து தலையைத் தூக்காமல், "போறவன் போ. என் சாவுக்குக்கூட வர வேணாம்" என்றார். அவன் அம்மாவுக்கு மட்டும் போன் பேசுவான். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து, காது கேட்காதவர் மாதிரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பார்.

அன்று அவனுக்கு நான் எத்தனையோ தடவை அடித்தும் கிடைக்கவில்லை. படகில் இருந்தால் சிக்னல் இருக்காது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கை சும்மா இருந்தால் அழுதுவிடுவேன் போல இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே கைவேலை பேனர். செய்ய ஆரம்பித்தேன்.

அப்பாவின் நல்ல படம் என்று என்னிடம் இருந்தது ஒன்றுதான். ஒரு பெரிய சீலா மீனை ஒரு கையால் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிற படம். துக்கப் பேனரில் மீன் ஆகாதே என்று மீனை அழித்தேன். கை மட்டும் மேலே நின்றது. புனிதர் ஆசீர்வதிப்பது போல இருந்தது. சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தேதி இல்லாவிட்டால் எழுத்து அளவு சரியாக வராது என்று அன்றைய தேதியையே போட்டேன். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். பேனரை எப்போதும் ஊரில் ஒரு டீச்சருக்கு அனுப்பி, பிழை பார்த்த பிறகுதான் வெளியிடுவது என் வழக்கம். (எட்டாம் வகுப்பு இரண்டு தடவை என்று முன்பே சொல்லிவிட்டேன்.) அப்படியே அனுப்பினேன். அதற்குள் நர்ஸ் மருந்துச் சீட்டோடு கூப்பிட்டார். போனை டீக்கடையில் சார்ஜில் போட்டுவிட்டு ஓடினேன்.

மருந்துக்கடை, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே என்று இரண்டு மணி நேரம் ஓட்டம். அதன் முடிவில் டாக்டர் வெளியே வந்து, "மருந்து நல்லாக் கேக்குது. வார்டுக்கு மாத்திரலாம்" என்றார். அம்மா தரையில் முட்டி போட்டுவிட்டாள். நான் டீக்கடைக்குப் பறந்து போய்ப் போனை எடுத்தேன்.

டீச்சரின் பெயருக்கு மேலேயே இருந்தது எங்கள் ஊர்க் குரூப். என் விரல் அங்கே பட்டிருக்கிறது.

குரூப்பே கூப்பிய கைகளாக இருந்தது. நான் உடனே அழித்தேன். ஆனால் என் பேனரை அதற்குள் ஐம்பது பேர் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார்கள். அட்மினே போட்டிருக்கிறான், அதுவும் சொந்த அப்பாவுக்கு. யார் சந்தேகப்படுவார்கள்?

கோயிலில் மணி அடிக்கும் கோயில்பிள்ளையும் சந்தேகப்படவில்லை. அவரும் குரூப்பில் இருந்தார். பேனரைப் பார்த்ததும் கோயிலுக்கு ஓடித் துக்க மணி அடித்துவிட்டார். எங்கள் ஊரில் துக்க மணி கேட்டால் அன்று யாரும் கடலுக்குப் போகக் கூடாது. ஐஸ் ஏற்றி, வலை ஏற்றி, கிளம்பத் தயாராக நின்ற வள்ளங்களை எல்லாம் திரும்பக் கரையில் ஏற்றினார்கள். அப்புறம் இரண்டு வேனில் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, வாசலிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தவள், கட்டிலில் அண்ணன் உட்கார்ந்து இட்லி தின்பதைப் பார்த்தாள். அப்போது அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரருக்குப் பிரஷர் ஏறிவிட்டது.

"என்னத்துக்கு இம்புட்டுப் பேரு வந்திருக்கீங்க?" என்றார் அப்பா.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அன்று வாங்கிய அடிகளில் கணக்குத் தெரிந்தவை மூன்று. ஒன்று அத்தையின் குடையால்.

அப்பா அடிக்கவில்லை. கூட்டம் போனபிறகு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, "யாரு யாரு என்ன எழுதியிருக்கானுக, படி" என்றார். படித்தேன். தங்கமான மனுஷன். கடலின் சிங்கம். ஈடு செய்ய முடியாத இழப்பு. ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு கருத்து இருந்தது.

"தங்கமான மனுஷனா? இவன்தானலே என் வலைய அறுத்துவிட்டவன்? அத அழிச்சிராத. வச்சிரு."

சிரிக்க முயன்றால் இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"மூத்தவன் என்ன போட்டிருக்கான்?"

தேடினேன். நான் அழிப்பதற்கு முன்பே சேவியர் பேனரைப் பார்த்திருந்தான். பார்த்தவர்கள் பட்டியலில் அவன் பெயரை அப்போதே கவனித்திருந்தேன். எதுவும் எழுதவில்லை. ஒரு கூப்பிய கைகூட இல்லை. போன் அடித்தால் சுவிட்ச் ஆஃப்.

"ஒன்னும் போடலப்பா."

"வர வேணாம்னுதான சொன்னேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் இட்லி சாப்பிடவில்லை. மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருவரைப் பொய்யாகச் சாகடித்ததைவிட, அவருடைய சாவுக்கு யார் வரமாட்டான் என்று அவருக்கே காட்டிக் கொடுத்ததுதான் பெரிய பாவமாக எனக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் காலை டீ வாங்கப் போனவன், பிணவறை வாசலில் ஓர் ஆள் காவலாளியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தேன். கையில் ஆளுயர ரோஜா மாலை, காலடியில் பெட்டி.

"அந்தப் பேர்ல பாடி எதுவும் இங்கன இல்லங்க" என்றார் காவலாளி.

"நல்லாப் பாருங்கண்ணே. சூசை. மீன்காரரு. எங்க வச்சிருக்கீங்க?" என்று அழுதான் என் அண்ணன்.

அவன் எதுவும் எழுதாததற்குக் காரணம், படித்த நிமிஷமே முதலாளி அரபியிடம் ஓடியதுதான். எப்படிக் கேட்டாலும் லீவு தராத அரபி, என் பேனரைப் பார்த்து, கை தூக்கி ஆசீர்வதிக்கும் அப்பாவைப் பார்த்து, கண் கலங்கி டிக்கெட் போட்டுக் கொடுத்திருக்கிறான். இரங்கல் போன்கள் தாங்காமல் அண்ணன் போனை அணைத்துவிட்டான். ஆஸ்பத்திரிப் பெயரைப் போட்டு, அடக்கம் பின்னர் அறிவிக்கப்படும் என்று நான் எழுதியிருந்ததால் நேராகப் பிணவறைக்கே வந்துவிட்டான்.

"அண்ணே, அப்பா அங்கன இல்ல. மேல வார்டுல இருக்காரு. உசிரோட."

அவன் என்னை அறைந்தான். அப்புறம் கட்டிப்பிடித்தான். அப்புறம் திரும்பவும் அறைந்தான்.

வார்டுக்குள் நுழைந்தபோது மாலையைக் கீழே வைக்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. அப்பா அவனைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார்.

"வர வேணாம்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"பொறகு?"

அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றான்.

"நான் செத்தாத்தான் லீவு குடுப்பானாக்கும், ஒன் அரபி?"

"ஆமாப்பா."

"அப்ப வேற வழியில்ல" என்ற அப்பா, மாலையை வாங்கிச் சலைன் பாட்டில் தொங்கும் கம்பியில் மாட்டச் சொன்னார். "வாடிரும்லே, சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்காத. இங்கன உக்காரு."

பத்து நாள் அண்ணன் அவர் கட்டிலை விட்டு நகரவில்லை. அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டான், கக்கூசுக்குத் தூக்கிக்கொண்டு போனான். பெரிதாக எதுவும் பேசிக்கொள்ளவில்லை. அந்தக் கடலில் என்ன மீன், என்ன கண்ணி வலை, இறால் எந்த மாசம் என்றுதான் பேச்சு. அப்பா ஒரு தடவைகூடத் தோற்றுப்போனதாகச் சொல்லவில்லை. "நம்ம மீனு ருசி வராது" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். அவரை வீட்டில் கொண்டுவந்து சேர்த்துவிட்டு அண்ணன் திரும்பிப் போனான். அம்மா எனக்கு நண்டுக் குழம்பு வைத்துப் போட்டாள். ஊர் மட்டும் மன்னிக்கவில்லை. எனக்கு 'அட்வான்சு' என்று பேர் வைத்தது.

ஐந்து மாதம் கழித்து அப்பா இறந்தார். அன்று நான் பேனர் போடவில்லை. ரீகன்தான் போட்டான், நன்றாகவே செய்திருந்தான். கோயில்பிள்ளை நேரில் வந்து, முகத்தைப் பார்த்து, மூக்கில் விரல் வைத்துப் பார்த்து, அழுதுவிட்டுப் போய்த்தான் மணி அடித்தார். அண்ணனுக்கு நானே போனில் சொன்னேன்.

அவனால் அரபியிடம் போக முடியவில்லை. அரபியைப் பொறுத்தவரை அப்பா ஐந்து மாதத்துக்கு முன்பே இறந்துவிட்டார். திரும்பி வந்த அண்ணனின் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னவன் அவன். உண்மையைச் சொன்னால் பொய்யன், வேலை போய்விடும். சித்தப்பா இறந்துவிட்டார் என்று சொல்லிப் பார்த்திருக்கிறான். சித்தப்பா சாவுக்குக் கிடைத்தது அறையில் ஒரு நாள் ஓய்வுதான்.

வீடியோ காலில் பார்த்தான். பெட்டிக்கு மேலே போனை நான் தூக்கிப் பிடித்தேன். கை மாற்றவில்லை. கல்லறைக்குப் போகும் வழியில் சிக்னல் போய், அழுகிற வாயோடு அவன் முகம் திரையில் அப்படியே நின்றுவிட்டது. அது நின்றுபோனது எனக்குத் தெரியும். ஆனாலும் கடைசிப் பிடி மண் விழும்வரை அந்த நின்ற முகத்தைக் குழிக்கு நேராகவே பிடித்துக்கொண்டிருந்தேன்.

நான் செய்தது நல்லதா கெட்டதா என்று எங்கள் வீட்டில் இன்றுவரை முடிவாகவில்லை. அந்தப் பத்து நாளைக் கொடுத்தவன் நான்தான், அடக்கத்தைப் பறித்தவனும் நான்தான். அத்தை இரண்டாவதை மட்டும்தான் சொல்வாள். குரூப்பில் நான் இப்போது அட்மின் இல்லை.

அம்மாவுக்கு மட்டும் இது விளையாட்டாகிவிட்டது. அண்ணனைப் பார்க்க வேண்டும்போல் இருந்தால் சேலையைச் சரிசெய்துகொண்டு என் முன்னால் வந்து நிற்பாள். "ஏலே அட்வான்சு, என்னைய ஒரு படம் எடுத்துக் குரூப்ல போட்டு விடு. அவன் வந்து பத்து நாளு இருந்துட்டுப் போகட்டும்." வீடே சிரிக்கும். போன வாரம் அண்ணன் போனில் இருக்கும்போதே இதைச் சொன்னாள். அவனும் சிரித்தான்.

"அம்மா சாவுக்கும் அரபி ஒரு லீவுதான்மா குடுப்பான். இப்பவே எடுக்கவா, பொறகு எடுக்கவா? நீங்களே சொல்லுங்க."

அம்மா யோசிக்கவே இல்லை.

"இப்பவே வாடா. பொறகு நீ வந்தா நான் எங்க பாக்கப் போறேன்?"