மலை உச்சிக்குப் போன பிரேக் காயில்

"உச்சியில நின்னு போட்டோ எடுக்கிறேன். அதை இதே சுவத்துல ஆணி அடிச்சு மாட்டறேன். மாட்டலைன்னா என் பேரை மாத்திக்கறேன்!"

இப்படிச் சவால் விட்டவனுக்குப் பேர் ஏற்கெனவே மாறித்தான் இருந்தது. லிஃப்ட் மெக்கானிக். எதைப் பேசினாலும் மேலே நின்றே பேசுவதால் கம்பெனியில் எல்லோருக்கும் அவன் 'டாப் ஃப்ளோர்'. மலை நாலாயிரத்து எண்ணூறு மீட்டர். வருஷம் ஒரு தடவை கம்பெனியிலிருந்து கூட்டம் சேர்த்துப் போவார்கள். பதினாலு பேர் முன்னால் சொல்லிவிட்டான். கையிலிருந்த டீ ஆறுவதற்குள் பயம் வந்துவிட்டது.

நியாயமான பயம்தான். பத்தொன்பது வருஷமாக லிஃப்டில் ஏறி இறங்கிய உடம்பு. செருப்பு வார் மாட்டக் குனிந்தாலே மூச்சு வாங்கும்.

வீட்டுக்கு மட்டும் படியேற வேண்டும். வீடு ஐந்தாவது மாடி. லிஃப்ட் ரெண்டு வருஷமாக ஓடவில்லை. லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கும் கட்டடத்தில்! யார் கேட்டாலும், "பிரேக் காயில் போயிடுச்சு. புது பார்ட் வரணும்" என்பான்.

பொய். பார்ட் வந்து ரெண்டு வருஷம் ஆகிறது. வீட்டுப் பரணில், பழைய பனியனுக்குள் சுருண்டு தூங்குகிறது.

காரணம் மச்சான். மனைவியின் அண்ணன். உடம்பு நூற்றுப்பத்து கிலோ, அறிவுரை இருநூறு கிலோ. லிஃப்ட் ஓடிய காலத்தில் ஒரு தடவை வந்தவர் பதினெட்டு நாள் தங்கினார். டாப் ஃப்ளோர் பல் தேய்க்கும் விதம் தப்பு என்று பக்கத்தில் நின்று திருத்தினார். அவருக்கு முழங்கால் சரியில்லை. படி ஏற முடியாது. அப்புறம் எந்த மடையன் லிஃப்டைச் சரி பண்ணுவான்?

அவன் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் ஏறுவான். வெறுங்கை. மாடிக்கு மாடி நின்று போனைப் பார்ப்பதுபோல மூச்சு வாங்குவான். அவன் மனைவி ஏழு தடவை ஏறுவாள். வீட்டில் பள்ளிச் சீருடை தைக்கிறாள். துணிக்கட்டு மேலே வர வேண்டும், தைத்த கட்டு கீழே போக வேண்டும், நடுவில் தண்ணீர் கேன். இதையெல்லாம் அவன் கவனித்திருந்தால் இந்தத் திட்டமே போட்டிருக்க மாட்டான்.

திட்டம் இதுதான். மனைவியையும் மலைக்குக் கூட்டிப் போவது. அவள் பாதியில் உட்காருவாள். உடனே, "நீங்க போங்கப்பா, பொண்டாட்டிய விட்டுட்டு உச்சி எனக்கெதுக்கு?" என்று திரும்பிவிடலாம். மானமும் தப்பும், காலும் தப்பும்.

"நானுமா? என்னங்க திடீர்னு?"

"நீயில்லாம நான் எங்கம்மா போயிருக்கேன்?"

"போன மாசம் சினிமாவுக்கு."

"அது... படம் நல்லா இல்லம்மா."

"ரெண்டு தடவை பார்த்தீங்களே?"

"நல்லா இல்லைன்னு உறுதி பண்ண வேணாமா?"

அவள் சிரித்தபடி பைகளைக் கட்டினாள். அந்த வீட்டில் பை கட்டுவது, பிரிப்பது எல்லாமே அவள் வேலை. தன் துண்டு எந்தப் பையில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. கட்டி முடித்து அவள் குளிக்கப் போனதும் அவனுக்கு ஒரு சந்தேகம். ஒருவேளை இவள் நடந்துவிட்டால்? சின்னதாக, ஆனால் நல்ல கனமாக ஏதாவது வேண்டுமே. பரண் மேல் கண் போனது. பிரேக் காயில், செப்புக் கம்பிச் சுருள், நாலு கிலோ. பனியனோடு அவள் பையின் அடியில் செருகினான்.

மலையடிவாரத்தில் வழிகாட்டி சுருக்கமாகப் பேசினான். "மெதுவா நடங்க. தண்ணி குடிங்க. தலை வலிச்சா மறைக்காம சொல்லுங்க. மலைகிட்ட சவடால் வேணாம். அது பதிலே பேசாது."

டாப் ஃப்ளோர் முதல் நாள் வேகமாக நடந்தான். தண்ணீரை மறந்தான். மணிக்கு ஒரு தடவை மட்டும் மறக்காமல் கேட்டான்.

"தலை வலிக்குதாம்மா?"

"இல்லீங்க."

"கால்?"

"இல்லீங்க. உங்களுக்கு?"

"எனக்கா! சேச்சே!"

ரெண்டாம் நாள் அவனுக்குத் தலைக்குள் யாரோ டிரில்லிங் மெஷின் ஓட்டினார்கள். பையோ தோளைப் பிய்த்தது. உயரம் போகப் போக எல்லாமே கனமாகும்போல என்று நினைத்துக்கொண்டான். தலைவலியைச் சொல்லவில்லை. அவள் முதலில் சொல்லட்டும்!

அவள் சொல்வதாக இல்லை. ஒரே சீராக, நின்றது தெரியாமல், நடந்தது தெரியாமல் போய்க்கொண்டிருந்தாள்.

"அக்கா, எங்க பழகினீங்க இந்த நடை?" என்று வழிகாட்டியே கேட்டான்.

"எங்க வீட்டுப் படியில. ஒண்ணாவது மாடியிலயே வேகம் காட்டினா நாலாவது மாடியில தண்ணி கேன் நம்மள இழுத்துட்டு உருளும்."

மூன்றாம் நாள் காலை. உச்சிக்கு இன்னும் ரெண்டு மணி நேரம். ஒரு பெரிய பாறை வந்தது. டாப் ஃப்ளோர் அதன் மேல் உட்கார்ந்தான். அப்புறம் படுத்தான். அப்புறம் காலையில் தின்றதையெல்லாம் கக்கினான்.

"எப்பலேருந்துண்ணே தலைவலி?" வழிகாட்டி கேட்டான்.

"நேத்து... காலையிலேருந்து."

"ஏன் சொல்லல?"

என்னவென்று சொல்வது? பொண்டாட்டிக்கு வலிக்கட்டும் என்று காத்திருந்தேன் என்றா?

"நீங்க இறங்குங்க. என் ஆள் கூட வருவான்." வழிகாட்டி அவன் பையைத் தூக்கினான். முகம் மாறியது. "என்னண்ணே இது, மலைக்குக் கல்லு கொண்டு வந்தீங்களா?"

அடியில் கை விட்டான். பழைய பனியன் வந்தது. பனியனுக்குள்ளிருந்து பிரேக் காயில் வந்தது.

டாப் ஃப்ளோருக்குத் தலைவலி ஒரு நிமிஷம் நின்றேவிட்டது.

"இது... இது எப்படி என் பைக்கு வந்துச்சு?"

"என் பைக்கு எப்படி வந்துச்சோ, அப்படித்தான்" என்றாள் மனைவி. "முதல் நாள் துண்டு தேடினேன், கையில தட்டுப்பட்டுது. உங்க சாமான், உங்க பையில இருக்கறதுதானே முறை?"

"நான் வந்து... ஒரு பாதுகாப்புக்காக..."

"இதுல ஒரு சீட்டு தொங்குது, பார்த்தீங்களா?" அவள் நிதானமாக வாசித்தாள். அவர்கள் கட்டடத்தின் பேர். லிஃப்ட் நம்பர். வந்த தேதி. "ரெண்டு வருஷம் ஆச்சுங்க. ஒரு நாளைக்கு ஏழு தடவை. நீங்க கணக்குல புலி, இறங்கிக்கிட்டே பெருக்கிப் பாருங்க."

அவன் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். காற்று குறைவு. விரல் அதைவிடக் குறைவு.

"சீக்கிரம் இறங்குங்க, உடம்பைப் பாத்துக்கோங்க" என்று அவன் கழுத்துத் துணியை இழுத்துக் கட்டிவிட்டாள். அதில் நடிப்பு இல்லை. கண்ணில் பயம்கூட இருந்தது. அப்புறம் காயிலை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு உச்சியைப் பார்த்து நடந்தாள். அதே சீர். நாலு கிலோ அதிகம் என்று அவள் நடைக்குத் தெரியவே இல்லை.

இறங்க இறங்கத் தலைவலி போய்விட்டது. மறுநாள் பஸ்ஸில் சிக்னல் கிடைத்ததும் அவன் போன் வெறி பிடித்ததுபோல அதிர்ந்தது. கட்டடத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அறுபத்து மூன்று செய்தி. 'பரவாயில்லையே, பாதி மலை ஏறினதுக்கே இத்தனை பாராட்டா' என்று திறந்தான்.

ஒரு போட்டோ. உச்சியில் மனைவி. பின்னால் பனி, மேலே வானம், கையில் சீட்டோடு பிரேக் காயில். மலையில் அங்கே மட்டும் சிக்னல் கிடைக்குமாம், உச்சியிலிருந்தே அனுப்பியிருக்கிறாள். கீழே ஒரே வரி: 'லிஃப்ட் பார்ட் கிடைச்சிடுச்சு. ஞாயிற்றுக்கிழமை எங்க வீட்டுக்காரர் மாட்டிடுவார்.'

பக்கத்து சீட்டில் அவள் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள்.

"கொஞ்சம் வேணுமாங்க?"

கம்பெனிச் சுவரில் அந்தப் போட்டோவை மாட்டினார்கள். ஆணி அடித்தது டாப் ஃப்ளோர்தான். பதினாலு பேரும் சுற்றி நின்று கை தட்டினார்கள். சொன்ன சொல்லை அவன் அந்த அளவுக்குக் காப்பாற்றிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காயிலையும் மாட்டினான். மாட்டி முடித்து, ஐந்தாவது மாடியில் நின்று பட்டனை அமுக்கினான். ரெண்டு வருஷத்துக்குப் பிறகு லிஃப்ட் உறுமிக்கொண்டு மேலே வந்தது. கதவு திறந்தது.

உள்ளே மச்சான். ரெண்டு பெட்டியோடு.

"வாங்க மாப்பிள்ளே! லிஃப்ட் ஓடப்போகுதுன்னு தங்கச்சி போன் பண்ணினா. மலையில பாதியில கவுந்துட்டீங்களாமே? எங்கெங்க தப்பு பண்ணீங்கன்னு ஒண்ணொண்ணா சொல்றேன். ஒரு மாசம் இருப்பேன், அவசரமில்ல."