பசுவும் நானும் பேசும் பூட்டும்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை, பயம் மட்டுமே உண்டு. இடி, ஊசி, லிஃப்ட், மேலதிகாரி, பல் டாக்டர் என்று பட்டியல் நீளும். அதில் தலையாய இடம் இரண்டு பேருக்கு. ஒன்று திருடன், மற்றொன்று மாடு. (மாடு என்றால் காளை இல்லை. சாதாரணப் பால் மாடு. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.)

தேனியில் வாடகை வீட்டில் இருந்தபோது காலையில் வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போவேன். பூட்டினோமா என்று சந்தேகம் வரும். திரும்பி வந்து மறுபடி இழுப்பேன். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது மூன்றாம் சந்தேகம் வரும். ஒருநாள் நாதாங்கியே கையோடு வந்துவிட்டது. "தம்பி, திருட வர்றவன்கூட இம்புட்டு ஆட்ட மாட்டானேப்பா" என்று வீட்டுக்காரர் வருத்தப்பட்டார். மறுமாதமே வாடகையையும் ஏற்றிவிட்டார்.

ஆகவே ஓடைப்பட்டியில் எங்கள் திராட்சைப் பந்தலை ஒட்டிச் சொந்த வீடு கட்டியபோது, சாவியே இல்லாத பூட்டுதான் வேண்டும் என்று முடிவு செய்தேன். ஆன்லைனில் தேடி வாங்கினேன். விரலை வைத்தால் திறக்கும், நம்பரைத் தட்டினால் திறக்கும், போனில் தொட்டாலும் திறக்கும். கதவைச் சாத்தினால் தானாகவே பூட்டிக்கொள்ளும். யாராவது விஷமம் செய்தால் சைரன் போட்டு ஊரைக் கூட்டும். போதாததற்கு ஒரு பெண் குரலில் இங்கிலீஷ் பேசும். பூட்டினோமா என்ற சந்தேகம் வந்தால் போனை எடுத்துப் பார்த்தால் போதும். என் ஆயுள் பத்து வருடம் கூடிவிட்டதாக நினைத்தேன். எல்லா ஜன்னலுக்கும் இரட்டைக் கம்பி போட்டது தனிக் கதை.

பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் என் அக்கா ஈஸ்வரி சீர் கொண்டுவந்தாள். தேங்காய், பழம், குத்துவிளக்கு, குடம். அவற்றுக்கு நடுவே வெற்றிலை மேல் உள்ளங்கையை விடப் பெரிய ஒரு திண்டுக்கல் பூட்டு. மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, சாவியில் பூச்சரம் சுற்றியிருந்தாள்.

"தலவாசலுக்குப் போடணும்னுதேன் ஒங்க மாமா திண்டுக்கல்லுக்கே போயி வாங்கியாந்தாக" என்றாள்.

அக்காவின் புகுந்த வீட்டார் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் அறிவுள்ளவன் பூட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பான். நான் சிரித்தேன். "யக்கா, இந்த வீட்டுக்குச் சாவியே தேவையில்ல. நீயே பாரு" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய் விரலைப் பதியச் சொன்னேன். பந்தலில் கவாத்து வெட்டி, குலை அறுத்து, மருந்து கலக்கியே தேய்ந்த விரல் அவளுடையது. பூட்டு, "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்றது. கட்டைவிரலை வைத்தாள். மறுபடி, "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்."

"ஒனக்கு ரேகையே இல்ல போலக்கா" என்றேன். நகைச்சுவை என்று நினைத்துத்தான் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். என்னோடு பேச்சு அதோடு நின்றது. சீராக வந்த பூட்டைச் சும்மா வைக்கக் கூடாது என்று என் மனைவி செல்விதான் அதைப் பின்கதவுக்கு வெளிப்பக்கம் போட ஏற்பாடு செய்தாள். அடுப்படியைக் கழுவிவிட்டுக் கடைசியாக வந்த அக்காவே அதைப் பூட்டினாள். சாவி எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் கிழக்கு வெளுக்கும் நேரம். வைகாசிக் கடைசி, எங்கள் பள்ளத்தாக்கில் காற்று கிளம்பிவிட்டிருந்தது. வாசலில் கட்டியிருந்த வாழைமரம் படுத்துப் படுத்து எழுந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கருத்தபாண்டி தன் பசுவையும் கன்றையும் ஓட்டி வந்தான். முதலில் பசு, கன்றோடு உள்ளே போக வேண்டும், அப்புறம்தான் மனிதர்கள். இது எனக்கும் தெரியும். தெரியாதது என்னவென்றால் கயிற்றைப் பிடிப்பது யார் என்பது.

"வீட்டுக்காரவுகதேன் கயித்தப் புடிச்சு முன்னால போகணும்ணே" என்று என் கையில் கயிற்றைத் திணித்தான் கருத்தபாண்டி. "பயப்படாதீக. இது சாது."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. நெற்றி நிறைய விபூதி, சந்தனம், குங்குமம், கழுத்தில் மாலை, இடுப்பில் பட்டு வேட்டி. வேட்டியில் பை இல்லாததால் என் போன் மாமாவின் கையில். பசுவின் மூச்சு என் முழங்கையில் பட்டது. வீரபாண்டி ஆத்தா, பத்திரமாக வெளியே கொண்டுவந்துவிடு, தீச்சட்டி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு வலது காலை வைத்தேன். (உள்ளே போனதும் நெருப்புக்கும் பயம் என்பது நினைவுக்கு வந்து, மாவிளக்கு என்று மாற்றிக்கொண்டேன்.)

பசு உள்ளே வந்துவிட்டது. கன்று வரவில்லை. பளபளவென்ற தரையைப் பார்த்து மிரண்டு படியிலேயே நின்றுவிட்டது. கருத்தபாண்டி அதைத் தூக்கக் குனிந்தான். அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாக ஒரு காற்று வந்தது. கதவு அவன் மூக்குக்கு நேரே படாரென்று சாத்திக்கொண்டது.

"டோர் லாக்ட்" என்றாள் பூட்டுக்குள் இருப்பவள், மிகவும் மரியாதையாக.

உள்ளே நானும் பசுவும். வெளியே கன்று "ம்மே" என்றது. பசு காதை விடைத்துத் திரும்பி, கதவுக்கும் எனக்கும் நடுவே நின்று, "ம்ம்ம்மா" என்றது. காலி வீட்டில் அந்தச் சத்தம் சுவருக்குச் சுவர் மோதியது. கதவின் உள்பக்கம் கைப்பிடியை அழுத்தினால் போதும், திறந்துவிடும். அந்தக் கைப்பிடி பசுவின் கொம்புக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே கையை நீட்ட என்னால் முடியாது. அந்த வீட்டையே எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தாலும் நீட்டியிருக்க மாட்டேன்.

"ஏங்க, கதவத் தொறங்க" என்றாள் செல்வி வெளியிலிருந்து.

"நீ தொற. ஒன் விரலும் பதிஞ்சிருக்குல்ல."

பதிந்துதான் இருந்தது. ஆனால் கோலம் போட்டு, மஞ்சள் அரைத்து, குங்குமம் குழைத்த விரல் அது. "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்." சேலையில் துடைத்துவிட்டு வைத்தாள். "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்." பதற்றத்தில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்திருக்கிறாள். பூட்டு இவளைத் திருடி என்று முடிவு கட்டிச் சைரனை அலறவிட்டது.

அது வரைக்கும் பசு சாதுதான். கருத்தபாண்டி பொய் சொல்லவில்லை. சைரன் கேட்டதும் அது வாலைத் தூக்கிக்கொண்டு ஹாலைச் சுற்றிப் பாய்ந்தது. புதுத் தரையில் குளம்பு வழுக்க, வழுக்க வழுக்க அதற்குப் பயம், அதன் பயத்தைப் பார்த்து எனக்குப் பயம். நான் எப்போது கயிற்றை விட்டேன், எப்போது அடுப்படிக்கு ஓடினேன், எப்படி மேடையில் ஏறினேன் என்பது இன்றும் தெரியவில்லை. ஏறியபோது என் வேட்டி ஏறவில்லை. தோளில் கிடந்த துண்டுதான் மானத்தைக் காத்தது. பால் காய்ச்சப் புதுப்பானை வைத்திருந்த அடுப்பை ஒட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். என் நடுக்கத்தில் பானை கடகடவென்று ஆடியது. செத்துப்போவேன் என்றே நினைத்தேன். சொந்த வீட்டில், விடிகாலையில், துண்டோடு.

பூட்டு இனிக் கொஞ்ச நேரம் யார் விரலையும் ஏற்காது என்று தெரிந்ததும் மாமா அடுப்படி ஜன்னலுக்கு வந்தார். இரட்டைக் கம்பிக்கு இடையே என் போனை நீட்டினார். அது என் முகத்தைப் பார்த்தால்தான் திறக்கும்.

"மாப்ள, மூஞ்சியக் காட்டு."

காட்டினேன். போன் என்னைத் தெரியாது என்றது. விபூதியும் குங்குமமும் வியர்வையில் வழிந்து ஒன்றாகியிருந்தன. மாலையால் துடைத்துவிட்டுக் காட்டினேன். தெரியாது என்றது.

"எப்பவும் போல சிரிச்சாப்ல இரு மாப்ள. இப்பிடி முழிச்சா யாருக்குத்தேன் தெரியும்."

சிரித்தேன். ஹாலிலிருந்து பசு எட்டிப் பார்த்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப நம்பரச் சொல்லு. பூட்டுக்கு அதுதேன் வழி."

"ஊரே நிக்கிதே மாமா. எப்பிடிச் சொல்ல?"

"மாடு முட்டிப்பிட்டா நம்பர வச்சு என்ன செய்வ?"

பசு அடுப்படிக்குள் ஒரு காலை வைத்தது. நான் நம்பரைச் சொன்னேன். சொன்னேன் என்பது குறைவு. சின்னமனூர் வரைக்கும் கேட்டிருக்கும். அந்த அலறலில் பசுவே மிரண்டு ஹாலுக்குத் திரும்பியது. வெளியிலிருந்து செல்வியின் குரல் வந்தது. "நம்ம கல்யாண நாள்தான் வச்சிருக்கேன்னு சொன்னீங்க. இது ஒங்க பழைய வண்டி நம்பராச்சே." (அந்த விசாரணை இன்னும் முடியவில்லை.)

சைரன் ஓய்ந்து, பூட்டு மனம் இரங்கியதும் யாரோ நம்பரைத் தட்டினார்கள். "வெல்கம் ஹோம்" என்றது. கதவு திறக்கவில்லை. உள்பக்கம் திறக்கும் கதவு அது. கன்றின் குரலைக் கேட்டுப் பசு மறுபடி போய் நெற்றியை அதில் முட்டுக்கொடுத்து நின்றது. வெளியிலிருந்து மாமா, கருத்தபாண்டி, இன்னும் நாலைந்து பேர் தள்ள, உள்ளேயிருந்து பசு ஒற்றையாகத் தள்ள, பசு ஜெயித்தது. "டோர் லாக்ட்."

நான் அழுதேன். பெரியவன், வேலையில் இருக்கிறவன், பிள்ளைகுட்டிக்காரன், மேடை மேல் உட்கார்ந்து அழுதேன்.

அப்போது ஜன்னலில் அக்காவின் முகம் தெரிந்தது. அதுவரை அவள் வாசலுக்கே வரவில்லை, பந்தல் ஓரமாக ஒதுங்கி நின்றிருக்கிறாள். துண்டையும் என்னையும் பார்த்தாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"பின்கதவத் தொறக்கட்டா?"

"சாவி எங்கக்கா?"

"என் இடுப்புல."

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல."

"இந்த வீட்டுக்குச் சாவியே தேவையில்லைன்னு நீதானடா சொன்ன."

அவள் "பாண்டி, கன்னுக்குட்டிய இங்கிட்டுக் கொண்டா" என்று நகர்ந்துவிட்டாள்.

பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. அத்தனை இதமான சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பின்கதவு திறந்து வெளிச்சம் விழுந்தது. கொல்லைப் பக்கம் கன்று கத்தியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹாலிலிருந்து பின்கதவுக்குப் போக அடுப்படியைத் தவிர வேறு வழியில்லை.

"யக்கா, எறங்கி ஓடிரட்டா?"

"அங்கனயே உக்காரு. அசையாத."

பசு வந்தது. நேராகப் போயிருக்கலாம். மேடைக்கு எதிரே நின்று, நீண்டிருந்த என் கால் கட்டைவிரலை முகர்ந்தது. அக்கா ஒதுங்கி நின்றிருக்கலாம். அவள் உள்ளே வந்து, பசுவுக்கும் எனக்கும் நடுவே தன்னை நுழைத்துக்கொண்டாள். ஒரு கை பசுவின் கழுத்தில், இன்னொரு கை என் முழங்காலில். நான் அரைக்கால் சட்டை போட்டு, பள்ளிக்கூடம் போகும் வழியில் மாட்டைக் கண்டு வேலியோரம் ஒண்டிய காலத்திலும் இப்படித்தான் நிற்பாள். ரேகை இல்லை என்று நான் கேலி பேசிய அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"போ ஆத்தா, ஒம் பிள்ள வெளிய நிக்கிது" என்று அவள் தட்டிக்கொடுத்தாள். பசு போய்விட்டது. கன்று ஓடிவந்து மடியில் முட்டியது.

"அந்த வேட்டிய எடுத்துக் கட்டு மொதல்ல" என்றாள் அக்கா.

ஹாலில் பசு தாராளமாகச் சாணி போட்டிருந்தது. மகாலட்சுமி மனசார வந்து போயிருக்கிறாள் என்று பூஜைக்கு வந்த ஐயருக்கு ஒரே சந்தோஷம். நல்ல நேரம் முடிவதற்குள் பால் பொங்கிவிட்டது. அன்று சாயங்காலமே மாமா திண்டுக்கல் பூட்டைத் தலைவாசலுக்கு மாற்றினார். பேசும் பூட்டும் அதற்கு மேலே இருக்கிறது. அதன் நம்பர் ஊருக்கே தெரியும் என்பதால் பிரயோஜனம் இல்லை. அவ்வப்போது பேட்டரி குறைகிறது என்று அதற்குள் இருப்பவள் தனியாகப் பேசிக்கொள்வாள். சாவி ஒன்று என் அரைஞாண் கயிற்றில், ஒன்று அக்காவின் இடுப்பில்.

நாங்கள் வெளியூர் கிளம்பும்போதெல்லாம் அக்காவிடமிருந்து போன் வரும். பூட்டினாயா என்று கேட்க மாட்டாள். "உள்ள மாடு இருக்கான்னு பாத்தியா?" என்பாள். கல்யாணம், காது குத்து, எழவு வீடு எதுவானாலும் எங்கள் சொந்தத்தில் யார் கதவைச் சாத்தினாலும் இன்னொருவர் அதையே கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. இப்போதெல்லாம் நான் பூட்டை இழுத்துப் பார்ப்பதில்லை. தெருமுனை வரை போய்த் திரும்பி வருகிறேன், ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து ஹாலையும் அடுப்படியையும் ஒரு பார்வை பார்க்கிறேன், அப்புறம்தான் பஸ் ஏறுகிறேன். எங்கள் வீட்டில் மாடே கிடையாது.