மூவாயிரம்மா

திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் ராயபுரத்துக்கு வேலைக்கு வந்து போனவர்கள் ஆயிரம் பேர் உண்டு. கி.பி. மூவாயிரத்திலிருந்து தினமும் வந்து போனவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

1930-களின் தொடக்கத்தில் நான் ராயபுரத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்கள் அச்சகத்தில் அச்சான மாதப் பத்திரிகையில் ஒரு தொடர்கதை எழுதினார். கதை நடப்பது கி.பி. மூவாயிரத்தில். அதில் ஜனங்கள் விண்கலத்தில் ஏறிச் சந்திரனுக்குச் சந்தைக்குப் போவார்கள்; எல்லாச் சுமையையும் யந்திரங்கள் இழுக்கும்; மாடுகளும் குதிரைகளும் ஓய்வாக நிழலில் படுத்திருக்கும். மூவாயிரமும் அம்மாவும் சேர்ந்து அவர் எங்களுக்கு மூவாயிரம்மா ஆனார். விண்கலம், விண்கலம் என்று அவர் எழுதித் தள்ளியதில் எங்கள் பெட்டியில் 'ண்' தீர்ந்துபோய், கண்ணன் என்ற மாப்பிள்ளையின் கல்யாணப் பத்திரிகை இரண்டு நாள் நின்றுவிட்டது.

எழுதாத நேரமெல்லாம் மிருக ரட்சணை. கைப்பையில் மஞ்சள் குழைத்த எண்ணெய் வைத்திருப்பார். தெருவில் மாட்டு வண்டி நின்றால் நுகத்தடிக்கு அடியில் கையைவிட்டுப் புண் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். மழைக்காலத்தில் ஜட்கா பிடிப்பார், ஆனால் ஏறமாட்டார். குதிரைக்குக் குடை பிடித்தபடி கூடவே நடந்து வருவார்.

"ஏறாத வண்டி எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"நான் பிடிக்கலேன்னா யாராவது தடியா ஒருத்தர் பிடிச்சிருப்பார், இல்லையா?"

நான் புரூப்பைத் திருத்தப் போய்விட்டேன்.

ஒரு சித்திரை மாதத்து முற்பகலில் எங்களுக்குக் காகிதம் ஏற்றி வந்த வண்டி ரயில் பாலத்து ஏற்றத்தில் நின்றுவிட்டது. வண்டிக்காரர் கோவிந்தன் சாட்டையை ஓங்க, எங்கிருந்தோ வந்த குடை அதைத் தடுத்தது. மூவாயிரம்மா சொல்லியனுப்ப, அரை மணியில் அச்சகத்து ஆள்கள் அத்தனை பேரும் பாலத்தில் இருந்தோம். காகிதக் கட்டுகளை ஆளுக்கொன்றாய்த் தலையில் சுமந்து இறங்கினோம். கடைசியில், கழுத்தில் கை தாங்கி மாட்டை நடத்தியபடி மூவாயிரம்மா வந்தார். ஊரே நின்று சிரித்தது.

அச்சக வாசலில் மாட்டின் கழுத்தைப் பார்த்தோம். சிரிப்பு நின்றது. உள்ளங்கை அகலத்துக்குப் புண்.

"ஒரு வாரம் இதை வண்டியில் கட்டக் கூடாது" என்றார் மூவாயிரம்மா.

கோவிந்தனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு வாரம் மாடு குந்திகினா என் புள்ளைங்க இன்னாத்த துன்னும் யம்மா?"

"மூவாயிரத்தில் இந்தக் கஷ்டமே இருக்காது, கோவிந்தா. யந்திரமே எல்லாத்தையும் இழுத்துடும், மாடு நிழலில் படுத்திருக்கும்."

"சரி, மாடு நெயல்ல படுத்துகினு கீது. நான் எங்க கீறேன்?"

கதையின் இருபது அத்தியாயங்களில் வண்டிக்காரன் ஒருவன்கூட இல்லை. எழுத்துக் கோத்த எனக்கே அப்போதுதான் உறைத்தது.

மூவாயிரம்மா நேராக முதலாளியிடம் போனார். ஒரு வாரத்துக்குக் கோவிந்தனுக்கு அச்சு யந்திரத்தின் சக்கரம் சுற்றும் வேலை கொடுக்க வேண்டும் என்றார். முதலாளி தூத்துக்குடிக்காரர்.

"மாட்டுக்கு லீவு, மாட்டுக்காரனுக்கு வேலையா? இது எந்த ஊரு நியாயம்மா?"

"கொடுக்கலேன்னா கடைசி அத்தியாயம் கிடையாது."

முதலாளி உடனே சம்மதித்தார். அந்தக் கதையை ஊர் படிப்பதற்கு முன்பே அவர் திருட்டுத்தனமாகப் படித்துவந்தது எங்களுக்குத் தெரியும்.

கோவிந்தன் சக்கரம் சுற்றினார். மாடு கொல்லையில் நின்று மஞ்சள் எண்ணெய் வைத்தியம் பார்த்துக்கொண்டது. இடையில் என் புரூப் தாள் இரண்டைத் தின்றது. மூவாயிரம்மாவோ, கைக்கு வந்தவரை நான் கோத்திருந்த கடைசி அத்தியாயத்தைக் கலைத்துவிடச் சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுத்து எழுத்தாகக் கலைத்தேன்.

ஐந்தாம் நாள் புதிய அத்தியாயத்தோடு வந்து, யந்திரத்தை நிறுத்தி, கோவிந்தனுக்கு அவரே படித்துக் காட்டினார். அதில் சந்திரனுக்குப் போகும் விண்கலத்தை ஓட்டுகிறவர் ராயபுரத்துக்காரர். பாரம் அதிகமென்று அவர் சொல்லிவிட்டால் ராஜாவே ஆனாலும் இறங்கித்தான் ஆகவேண்டும்.

கோவிந்தன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "யம்மா, மேல போற வயில பாலம் எதுனா கீதா?"

"பாலமே கிடையாது."

"அப்ப ஓட்டலாம்."

அதற்குப் பிறகு கோவிந்தன் வண்டியில் பாரம் குறைந்தது. யாராவது கூடுதலாக ஏற்ற வந்தால், "எறக்கு நைனா, ராஜாவே எறங்குறாரு, உனுக்கு இன்னா?" என்பார். மற்ற வண்டிக்காரர்கள் கேலி செய்தார்கள்; பிறகு அவர்களில் சிலரும் எண்ணெய்க்குக் கையேந்தினார்கள்.

இரண்டு வருஷம் கழித்து மூவாயிரம்மாவுக்கு வடக்கே ஓர் ஊருக்கு மாற்றலாயிற்று. ராயபுரம் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனோம். முதலாளிகூட வந்திருந்தார். வேலிக்கு அப்பால் கோவிந்தனும் இன்னும் ஏழெட்டு வண்டிக்காரர்களும் மாடுகளோடு நின்றார்கள். ரயில் நகர்ந்ததும் மூவாயிரம்மா ஜன்னல் வழியாக வெகுநேரம் கையை ஆட்டினார். எங்களைப் பார்த்தா, எங்களுக்குப் பின்னால் நின்ற மாடுகளைப் பார்த்தா என்பதில் அச்சகத்தில் பல நாள் வாக்குவாதம் நடந்தது. என்னைப் பார்த்துத்தான் என்பதை நான் யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.