உங்கள் அத்தையின் குரல் காணாமல் போனது குறித்து

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் சுகம் என்று ஆரம்பித்து, அனைவரும் என்றால் நானும் உங்கள் அத்தையும்தான் என்பதாலும், அதில் ஒருவர் பத்து நாளாகப் பேச முடியாமல் இருப்பதாலும், அந்த வரியை அடித்துவிட்டேன். நீங்களும் என் மகள் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லக் கூடாதா என்பீர்கள். சொன்னால் அவளுக்குக் கேட்டுவிடும். குரல்தான் போயிற்றே தவிர, காது இன்னும் பாம்புக் காதுதான்.

குற்றவாளி நான்தான். தொண்டை ஆபரேஷனுக்கு முந்தின வாரம் அவளை உட்காரவைத்து மூன்று நாள் படிக்கச் சொல்லிப் பதிவு செய்தீர்கள். அவள் தட்டுவதை அவள் குரலிலேயே கம்ப்யூட்டர் பேசும்படி செய்தீர்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த புரோகிராம் அரதப் பழசு, புது கம்ப்யூட்டரில் ஓடாது என்று, அதற்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டரைக் குடிவைத்து, விர்ச்சுவல் மிஷின் என்று பெயரும் சொல்லி, சவுண்ட் கார்டை நேராக அதன் கையில் ஒப்படைத்தீர்கள். வெளியே இருப்பவன் தொடக்கூடாது, உள்ளே இருப்பவனுக்கே முழு பாத்தியதை. ஆயுசெல்லாம் கோர்ட்டு நோட்டீஸ் ஒட்டி ஓய்வு பெற்ற எனக்கு அது சுலபமாகவே புரிந்தது.

பத்து நாள் முன்பு காலையில், புதுப் பதிப்பு தயார், அப்கிரேட் செய்யலாமா என்று திரை மிக மரியாதையாகக் கேட்டது. இந்த வீட்டில் என் சம்மதத்தை யாரும் கேட்டு வருடக்கணக்காகிறது. சரி என்று அமுக்கிவிட்டேன். ஒரு மணி நேரம் உறுமிவிட்டு எழுந்தது. உள் மிஷின் மட்டும் எழவில்லை. கேட்ட கார்டு வேறு உபயோகத்தில் இருக்கிறது, தர முடியாது என்றது. நானா விடுவேன்? நீங்கள் எழுதிவைத்த நோட்டில் சவுண்ட் கார்டின் எண்ணைப் பார்த்து, அந்த எண்ணில் இருந்த கார்டை வலுக்கட்டாயமாகப் பிடுங்கிக் கொடுத்தேன். அப்கிரேடில் எண்களெல்லாம் இடம் மாறியிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? அந்த எண்ணில் இப்போது குடியிருந்தது திரைக்கான கார்டு. பொட்டென்று எல்லாம் இருட்டாகிவிட்டது. தப்பான வீட்டுக்காரனைச் சாமானோடு தெருவில் நிறுத்திவிட்டேன். குரல் வராதது தெரியாமல், அடுப்பில் பால் பொங்குகிறது என்று அவள் கீபோர்டில் ஆறு தடவை தட்டியிருக்கிறாள். பாலும் போச்சு, பாத்திரமும் போச்சு.

எழுதிக் காட்டலாம்தான், நான் திரும்பிப் பார்த்தால்தானே? இப்போது கைதட்டல்தான் பாஷை. ஒரு தட்டு என்றால் வா, இரண்டு தட்டு என்றால் ஏன் இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமை குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். கால் மணி நேரம் வாளியைத் தட்டியிருக்கிறாள். பக்கத்து வீட்டில் ஏதோ கொத்து வேலை என்று நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அடியொன்றும் பலமில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டர் மெக்கானிக்கை வரவழைத்தேன். டார்ச்சை வாயில் கவ்வியபடி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "யார் சார் இதை செட் பண்ணது?" என்றார்.

"என் மாப்பிள்ளை."

"நல்லாத்தானே பண்ணியிருக்காரு. நீங்க எதுக்கு சார் கை வெச்சீங்க?"

உங்கள் அத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் படுக்கப் போனாள். அது பாராட்டு, எனக்கில்லை. மெக்கானிக் திரையை மீட்டார். குரலை மீட்க முடியவில்லை. ஆகவே நீங்கள்தான் லீவு போட்டு வந்து பார்க்க வேண்டும்.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், எதையும் அப்கிரேட் செய்யாமல், நெடுங்காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: மெக்கானிக்கைப் பற்றி எழுதியது பொய். கார்டின் புது எண்ணைக் கண்டுபிடித்து, எதிரே ஒரு டிக் போட்டு, ஐந்தே நிமிடத்தில் குரலை மீட்டுவிட்டார். அவர் படியிறங்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன். நோய் திரும்ப வந்திருக்கிறதாம். இந்தத் தடவை கத்தி வைக்க இடமில்லையாம். டாக்டர் என்ன சொன்னார் என்று அவள் எழுதிக் கேட்டால் கண்ணாடியைக் காணோம் என்று சமாளிக்கலாம். அந்தக் குரலில் கேட்டால் எனக்குப் பொய் வராது. டிக்கை எடுத்துவிட்டேன். மெக்கானிக்கால் முடியவில்லை என்று அவளிடமும் சொல்லிவிட்டேன்.

இவ்வளவும் எழுதி உறையைத் தேடும்போது அவள் வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அந்த டிக்கைத் தானே போட்டாள். நிதானமாகத் தட்டினாள்.

"டாக்டர் சொன்னதை, சாப்பிடறதுக்கு முன்னாடி சொல்றீங்களா, சாப்பிட்டப்புறம் சொல்றீங்களா?"

சாப்பிட்டப்புறம் என்றேன். மாப்பிள்ளை, மிஷின் சரியாகத்தான் இருக்கிறது. பாப்பாவைக் கூட்டிக்கொண்டு உடனே கிளம்பி வாருங்கள். உள்ளே தட்டு வைக்கிறாள். நான் போக வேண்டும்.