வேணாம் மாமாவும் அடிபட்ட காரும்

யாங்கோனில் ஓடுகிற கார்களில் பாதி, வேணாம் மாமா பார்த்து "வேணாம்" என்று சொன்னவை. மீதிப் பாதியை அவர் இன்னும் பார்க்கவில்லை.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. நாற்பது வருடம் அடிபட்ட கார்களின் தகட்டைத் தட்டி நிமிர்த்தி, மாவு பூசி, பெயின்ட் அடித்துப் புதிதாக்கி அனுப்பியவர். அதனாலேயே பளபளவென்று நிற்கும் எந்த வண்டியையும் நம்ப மாட்டார். "பெயின்டுக்குக் கீழ என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும் தம்பி. வெச்சவனே நான்தானே!" என்பார்.

பழைய கார் வாங்குகிறவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். மாமா வண்டியை இரண்டு சுற்று சுற்றுவார், விரல் முட்டியால் நாலு இடத்தில் தட்டுவார், "வேணாம்" என்பார். அவ்வளவுதான், டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார். ஒருமுறை எங்கள் தெருவில் கல்யாணம். பூ ஜோடித்த காரிலிருந்து மாப்பிள்ளை இறங்கிக்கொண்டிருந்தார். மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அவர் காதில் "வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். சொன்னது காரைப் பற்றித்தான் என்று நாங்கள் விளக்குவதற்குள் மாப்பிள்ளையின் பட்டுச் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது.

எனக்குக் கார் ஆசை கிடையாது. லைங் தாயாவில் ஒரு தையல் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர் வேலை. போக வர கம்பெனி பஸ். ஆனால் என் மகள் யமுனாவுக்கு இழுப்பு. ஏழு வயது. போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் மூச்சு விட முடியாமல் துவண்டுவிட்டாள். ஒரு டாக்ஸியும் வரவில்லை. பாதி வண்டிகள் பெட்ரோல் வரிசையில் நின்றன. கடைசியில் சைக்கா என்கிற மிதிவண்டி ரிக்‌ஷாவில் ஏற்றி, பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, கொட்டுகிற மழையில் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரி வாசலில் அவள் உதடு நிறம் மாறியிருந்தது. ஊசி போட்டு, அவள் கண் திறந்து, பசிக்கிறது என்று பர்மியத்தில் சொன்ன பிறகுதான் என் மனைவி மல்லிகாவுக்குப் பேச்சே வந்தது.

"எப்படியாவது ஒரு கார் வாங்கிடுங்க."

எங்கள் கைக்கு எட்டியது ஒரே ஒரு கார். மிங்கலாடோனில் கோ சோ என்பவர் விற்ற வெள்ளை வண்டி. மற்ற வண்டிகளின் விலையில் பாதிதான். ஏன் பாதி விலை என்பதை அவரே ஒளிக்காமல் காட்டினார். ஜப்பானில் ஏலம் விட்டபோது கொடுத்த சீட்டில், வண்டியின் தரத்தைப் போடுகிற கட்டத்தில் 'ஆர்' என்று ஒற்றை எழுத்து. பலமாக அடிபட்டு ரிப்பேர் ஆன வண்டி என்று அர்த்தமாம்.

அந்த ஓர் எழுத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். வாங்கினால் வண்டி பாலத்தின் மேல் இரண்டாகப் பிரிந்துவிடும் என்று தோன்றியது. வாங்காவிட்டால் அடுத்த இழுப்புக்கும் அதே சைக்கா. கடைசியில் ஒரு தந்திரம் செய்தேன். மாமாவை அழைத்துப் போவது. அவர் எப்படியும் "வேணாம்" என்பார். முடிவெடுத்த பழி என் மேல் விழாது.

மல்லிகாவும் யமுனாவும்கூட வந்தார்கள். மாமா அன்று இரண்டு சுற்றோடு நிற்கவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து மோந்து பார்த்தார். தரைவிரிப்பைக் கிளப்பினார். ஸ்டெப்னி குழிக்குள் தலையை விட்டார். துணி சுற்றிய காந்தத்தைத் தகட்டின் மேல் நகர்த்தினார். இடது விளக்குப் பக்கம் அது பிடிக்காமல் கீழே விழுந்தது. பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கடியில் போனவர் வெளியே வரவே இல்லை. கோ சோ குனிந்து பார்த்துவிட்டு, "உங்க ஆள் தூங்கிட்டாரா?" என்று கவலையோடு கேட்டார்.

அவர் வெளியே வந்தபோது யமுனா பின் சீட்டில் உட்கார்ந்து, மருந்துக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். மாமா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் சாவியைத் திருகினார், நிறுத்தினார். மறுபடி திருகினார். டாஷ்போர்டில் எரிகிற விளக்குகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"என்ன மாமா, வேணாம்தானே?" என்றேன்.

"வாங்கு."

"என்னது?"

"காது அடைச்சிருக்கா? வாங்குன்னேன்."

இப்படி ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. "அப்ப அந்த 'ஆர்'?"

"இடது மூலையில நல்ல அடி. ஆனா நிமித்தினவன் வேலை தெரிஞ்சவன். அடிச்சட்டம் நேரா இருக்கு. தண்ணியில முங்கல. முங்கியிருந்தா சும்மா குடுத்தாலும் தொடாதேன்னு சொல்லியிருப்பேன். ஒரே ஒரு சாமான் குறையுது. நான் வரவழைக்கிறேன்."

"என்ன சாமான்?"

"உனக்குப் புரியாது."

"பிரேக்கா மாமா?" என்றாள் மல்லிகா.

"பிரேக் இல்லாத வண்டிய எவனாவது வாங்கச் சொல்லுவானாம்மா? நீயும் பாப்பாவும் பின்னாடி. முன்னாடி நான். சாமான் வர்ற வரைக்கும் வேற யாரும் முன்னாடி ஏறக் கூடாது."

வாங்கிவிட்டோம். எங்கள் ஊரில் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ஜப்பான் வண்டியில் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கும். முன்னால் போகிற லாரியைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்பது ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. இடது சீட்டில் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"போகலாமா மாமா?"

"வேணாம்."

மிங்கலாடோனிலிருந்து வீடு வரைக்கும் ஒரு சிமென்ட் லாரியின் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தோம். சைக்கிள்காரர்கள் எங்களை முந்திப் போனார்கள்.

அதன் பிறகு ஏழு வாரம் நான் நிம்மதியாக வண்டி ஓட்டவில்லை. எங்கே சிறு சத்தம் கேட்டாலும், குறைகிற சாமான் அதுதானோ என்று வண்டியை ஓரம் கட்டுவேன். நாங்கள் வெளியே கிளம்பினால் போதும், மாமா இடது கதவருகே நின்றுகொண்டிருப்பார். ஜலதோஷம் பிடித்திருந்த நாளிலும் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். ஒரு மத்தியானம் யமுனாவுக்கு மறுபடி இழுத்தபோது, பாதி முகத்தில் சவர சோப்போடு ஓடி வந்து ஏறினார். அன்று மட்டும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "போ... போ... விடாதே, போ!" என்று கத்திக்கொண்டே வந்தார். சீக்கிரம் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர்.

எட்டாவது வாரம் சாமான் வந்தது. ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் டாஷ்போர்டின் இடது பக்கத்தைக் கழற்றினார். உள்ளே பழைய துணியைச் சுருட்டித் திணித்திருந்தார்கள்.

"மோதினால் உப்பி வந்து ஆளைக் காப்பாற்றுகிற காற்றுப் பை இருக்க வேண்டிய இடம் இது" என்றார் பர்மியத்தில். "உள்ளே ஒன்றுமில்லை. அது இல்லையென்று காட்டுகிற விளக்கின் ஒயரையும் யாரோ அறுத்துவிட்டிருக்கிறார்கள். இத்தனை நாள் இந்த சீட்டில் யார் உட்கார்ந்தது?"

நான் திரும்பிப் பார்த்தேன். மாமா, ரிப்பேருக்கு வந்திருந்த வேறு யாருடைய காரையோ தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் மாமா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ வாங்கியிருப்பியா? பாப்பாவுக்கு வண்டி வேணும். வழி சொல்ல ஒரு ஆள் அங்க உட்காரணும். உனக்கு இருக்கறது ஒரே பொண்டாட்டி. எனக்கு எழுபத்தோரு வயசு. இதுல என்ன பெரிய யோசனை?"

பை பொருத்தி முடிந்ததும் மாமா முன் கதவைத் திறந்துபிடித்து, "இனிமே நீ உட்காரலாம்மா" என்றார் மல்லிகாவிடம். அவள் பின் கதவைத் திறந்து யமுனாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"இத்தனை நாள் பை இல்லாம உட்கார்ந்தீங்க. இனிமேயாவது பையோட உட்காருங்க மாமா" என்றாள்.