பெர்மிஷன் மாமா கேட்காமல் செய்த காரியம்

பெர்மிஷன் மாமாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி அதிகாரி மயிலாப்பூரிலேயே பிறந்ததில்லை. அவர் கையில் அதிகாரத்தைக் கொடுத்த பாவி நான்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. போன் லைனில் கிர்ர் கொர்ர் என்று இன்டர்நெட் வந்த காலம். சமையல், கச்சேரி, வம்பு எல்லாம் ஊர் உலகமே எழுத இன்டர்நெட்டில் ஒரு மெசேஜ் போர்டு நடத்தினேன். மற்றவர்கள் எழுதியதைத் திருத்தவும் நீக்கவும் நம்பகமான ஆள் தேவைப்பட்டது. சம்பளம் கிடையாது. ரிட்டயரான மாமா முன்வந்தார். பாஸ்வேர்டைக் கொடுத்தேன். அன்றோடு என் நிம்மதி போச்சு.

"ஒரு பொண்ணு ரசத்துல பெருங்காயமே போடலை. சேர்க்கட்டுமா?"

"சேருங்க மாமா. அதுக்குத்தானே உங்களைப் போட்டிருக்கு!"

"அவ கோச்சுண்டா?"

எழுதினவர் அமெரிக்காவில் இருந்தால் மாமா பெர்மிஷன் கேட்டு மெயில் போட்டுவிட்டுக் காத்திருப்பார். இங்கே லஸ் பக்கம் என்றால் மொபெட்டில் போய் வாசல் மணியே அடித்துவிடுவார்.

ஒரு நாள் வடபழனியில் மச்சினி கல்யாணம். இலையில் உட்கார்ந்தவனை மண்டபத்து போனுக்குக் கூப்பிட்டார்கள். மாமாதான். வீட்டில் கனெக்‌ஷன் கிடைக்காமல் பாண்டி பஜார் பிரவுசிங் சென்டருக்கு ஓடியிருந்தார்.

"நம்ம போர்டுல எழுதற கலா இருக்காளே, அவகிட்ட வாதத்துல தோத்த தடியன் ஒருத்தன் அவ ஹாஸ்டல் நம்பரை அசிங்கமா எழுதிப் போட்டுட்டான். கண்டவனும் போன் பண்றான். இன்னொரு போன் வந்தா பெட்டியைக் கட்டுன்னுட்டா வார்டன். குழந்தை அழறா!"

"உடனே தூக்குங்க மாமா!"

"அவனைக் கேட்டு மெயில் போட்டேன். பதில் வரலையே!"

"அந்த அயோக்கியனை என்னத்தைக் கேக்கறது?" என்று கத்தினேன். லைன் கட்டாகிவிட்டது.

இவர் பதிலுக்குக் காத்திருந்தால் அந்தப் பெண் நடுத்தெருவில்தான். பாயசத்தைக்கூடத் தொடாமல் பாண்டி பஜாருக்கு ஆட்டோ பிடித்தேன்.

மாமா தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தார், வேர்வையில். கடைக்காரர் சோடா உடைத்துக் கொடுத்தார். "இன்னா நைனா, ஒரு பட்டனைத் தட்டிட்டு இப்டி நடுங்கிக்கினு கீறே?"

"எடுத்துட்டேன்" என்றார் மாமா. "கேக்காமலே எடுத்துட்டேன். இந்த அதிகாரத்தைத் திருப்பி வாங்கிண்டுடுங்கோ. இன்னிக்குக் கை நடுங்கறது. நாளைக்குப் பழகிடும்."

நான் வாங்கவில்லை. கலாவும் ஹாஸ்டலிலேயே இருந்தாள்.

சில வருஷம் கழித்து, ஆள் குறைந்து போர்டை மூடும் நிலை வந்தபோது, மாமாவுக்கு போன் போட்டேன். "மூடிடலாமா மாமா?"

மாமா திருப்பிக் கேட்டார்: "எல்லாரையும் கேட்டேளா?"

கேட்கவில்லை. அவர் ஒருத்தரைத்தான் கேட்டேன். எனக்கு அவர் சரி என்றால் போதும்.